இரண்டாம் அடி

செலவுக் கணக்கு எழுதுவது என் வேலை.
தோல் இத்தனை தேசிமீட்டர், லைனிங் இத்தனை,
நூல், கண்ணி, பெட்டி,
பெட்டிக்குள் சுருட்டி வைக்கும் காகிதம்,
பசை.
பசைக்கு நேரே உள்ள தொகையை
யாரும் இரண்டு முறை பார்த்ததில்லை.
பசை மேசைப் பெண்களின் தலைவலிக்கு
என் ஏட்டில் வரியே கிடையாது.

பேரணாம்பட்டுக்கு தஹ்சீன் வந்த முதல் வாரம்
கம்பெனி ஷூ ஒன்றை எடுத்து
அடியைப் பிரிக்கப் பார்த்தாள்.
உளி, வெந்நீர், கோதண்டனின் குறடு.
அடி வரவில்லை,
மேல்தோல் கிழிந்து கையோடு வந்தது.
"என்னா கெட்டி பாத்தியா" என்றார் கோதண்டன்.
"என்ன குப்பை பாருங்க" என்றாள் அவள்.

ஒட்டாமல் தைப்போம்,
தேய்ந்தால் பிரித்து வேறு அடி தைப்போம்,
மேல்தோல் பத்து வருஷம் உழைக்கட்டும் என்று
அவள் வரைந்து நீட்டிய தாளை
முனீர் சாயபு கண்ணாடி போடாமலே படித்தார்.
"நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை,
வேலூருக்கு இது போதாதா?
பசையில்லாத ஷூ வேறயா?"
சிரித்து முடித்து என் பக்கம் திரும்பி
வியாபாரி கேட்க வேண்டியதைக் கேட்டார்:
"பத்து வருஷம் ஒருத்தன் அதையே போட்டா
நாம யாருக்கு விக்கிறது?"

பதில் என்னிடம் இல்லை.
கால்குலேட்டர் இருந்தது.

வெட்டும் அச்சுகளை அவள் மாற்றினாள்.
ஒன்றின் வளைவுக்குள் ஒன்று,
காலை ஷேர் ஆட்டோவில்
நாங்கள் இடுப்பை ஒடுக்கி உட்கார்ந்து வருகிற மாதிரி.
நூற்றுக்குப் பத்தொன்பது வீணாகிய தோல்
பதினான்காக இறங்கியது.
அந்த ஐந்தை அடிக்கோடிட்டேன்.
தையலுக்கோ ஜோடிக்குப் பதினொரு நிமிஷம் கூடுதல்.
ஊசிகள் உடைந்தன.
முதல் மூன்று மாதமும் நஷ்டம்.
அதையும் எழுதினேன், அதே மையில்.

பசை மேசையை ஜன்னலோரம் தள்ளினார்கள்.
அலமேலு அதன்மேல் சாப்பாட்டு டப்பா வைத்தாள்.
ஆடி மாசத்தில் லீவுச் சீட்டுகள்
பாதியாகக் குறைந்திருந்தன.
தலைவலி ஏன் வரவில்லை என்று
யார் சீட்டு எழுதித் தருவார்கள்?
பசை ஏஜெண்ட் அந்தத் தீபாவளிக்கு
ஸ்வீட் பாக்ஸ் அனுப்பவில்லை.
"இதை நஷ்டத்தில் சேர்க்கவா?" என்றேன்.
சாயபு சிரிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஹாம்பர்க்கிலிருந்து
ஒரு பெட்டி வந்தது.
"பழைய ஷூவையா இறக்குமதி பண்றீங்க?" என்று
சென்னைத் துறைமுகத்தில்
இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
உள்ளே நாற்பத்து மூன்று ஜோடி.
முன்பின் பார்க்காத கால்களின் குழிகள்.
ஒன்றுக்குள் மடித்த பஸ் டிக்கெட்,
ஒன்றில் கடல் மணல்.

பசை மேசையைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள் தஹ்சீன்.
முப்பத்தொன்று ஒரே இடத்தில் தேய்ந்திருந்தன:
வலது குதிகால், வெளி ஓரம்.
இருபத்தாறு வருஷமாகக் கப்பல் ஏற்றுகிறோம்.
எங்கே தேய்ந்தேன், எங்கே கடித்தேன் என்று
ஒரு ஷூவும் திரும்பி வந்து சொன்னதில்லை.
அவள் பென்சிலை எடுத்து
குதிகாலுக்கு அரை சென்டிமீட்டர் கூட்டினாள்.

புது அடிக்கு அவர்கள் தரும் விலை,
புது ஷூவின் விலையில் மூன்றில் ஒன்று.
"அவ்வளவுதானா?" என்றார் சாயபு.
ஏட்டைத் திருப்பிக் காட்டினேன்.
அடி, நூல், கூலி, கப்பல் வாடகை.
"தோலை எங்கே? விட்டுட்டியா?"
விடவில்லை.
தோல்: சைபர்.
லைனிங்: சைபர்.
பசை: சைபர்.

அவர் சட்டைப் பையைத் தடவி
கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.
கூட்டலை விரலால் கீழிருந்து மேலே போட்டார்,
மறுபடி மேலிருந்து கீழே.
ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்து போய் அந்த மேசைக்கு
இன்னொரு ட்யூப் லைட் மாட்டச் சொன்னார்.

அலமேலுதான் கேட்டாள்:
"அப்போ என் டப்பாவை
இனிமே எங்க வைக்கிறது?"